சுவருக்கு அந்தாண்ட

"அக்கா, எனக்குக் கோல் வரமாட்டேங்கு," என்றான் அஜின்.

கிருபாக்கா கையுறைகளைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அதுக்கு எங்கிட்ட இன்னாத்துக்கு வந்த? நான் கோல் போட வுடாதவ."

"அதனாலதான் வந்தேன். நான் என்ன தப்பு செய்யேன்னு கோலிக்குத்தான தெரியும்."

அவள் அடுத்த கையுறையை எடுத்து உதறினாள்.

அஜின் குமரிக் கடற்கரைக்காரன். ஊர் மணலில் கால்பந்து ஆடிப் பெயர் வாங்கி, சென்னையில் ஒரு கிளப்புக்கு கோல் அடிக்கும் ஃபார்வர்டாக வந்தவன். இது அவனுக்கு முதல் வருஷம். பந்து அவன் காலுக்கு வரும். எதிரே கோலி மட்டும் நிற்பான். கேலரி மொத்தமும் எழுந்து நிற்கும். அப்புறம் கேலரி உட்கார்ந்துவிடும். சீசன் முழுக்க இதே கூத்துதான்.

கிருபாக்கா அதே கிளப்பில் கோலிகளுக்குக் கோச். ஒரு காலத்தில் பெண்கள் அணிக்குக் கோல் காத்தவள். வியாசர்பாடிக்காரி. தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவளிடம் போய் ஒரு ஃபார்வர்டு பாடம் கேட்கிறான் என்றதும் டீமே சிரித்தது. திருடன் போலீஸ்கிட்ட டியூஷன் போறான்டா என்றார்கள்.

சிரிக்கட்டும். பெரிய கோச் முந்தின நாள்தான் அவனைத் தனியாகக் கூப்பிட்டிருந்தார். நல்ல மனுஷன், தோளில் கைபோட்டுத்தான் சொன்னார்.

"இன்னும் ஒரே ஒரு ஆட்டம்தான் பாக்கி தம்பி. அதுலயும் ஒண்ணும் இல்லேன்னா, அடுத்த வருஷம் உன்னை வெச்சுக்கச் சொல்லி என்னால பேச முடியாது."

அதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பஸ் ஏற்றிவிட ஊரே திரண்டு வந்திருந்தது. எந்த முகத்தோடு அதே பஸ்ஸிலிருந்து இறங்குவது?

*

மறுநாள் காலை மைதானத்தில் இருவர்தான். கோலில் யாரும் இல்லை.

"அடி," என்றாள் கிருபாக்கா.

அடித்தான். பந்து உருண்டு போய் வலைக்குள் அடங்கியது. அடித்த கையோடு அவனும் நாலு எட்டு ஓடியிருந்தான்.

"பந்து எங்க?"

"வலையில. இடது பக்க மூலையில."

"இன்னொண்ணு அடி."

அது கம்பத்தை உரசிக்கொண்டு வெளியே போனது.

"பந்து எங்க?"

"தண்ணி பைப்புக்கு இந்தப் பக்கம். செங்கல்லுல முட்டி நிக்கி," என்றான் அஜின். பாதி வழி போயிருந்தான்.

அன்றைக்கு முழுக்க அவ்வளவுதான் பாடம். அடி என்பாள். பந்து எங்க என்பாள். கால் எப்படி வைக்கணும், உடம்பை எப்படிச் சாய்க்கணும், ஒன்றும் சொல்லவில்லை.

இதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று அஜின் ராத்திரி முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டான். பார்வை போதவில்லை என்கிறாளோ. மறுநாள் இன்னும் கூர்ந்து பார்த்தான். இன்னும் துல்லியமாகச் சொன்னான். கொடிக்கம்பத்துக்கு அந்தப் பக்கம், நிழலுக்கு வெளியே, கம்பெனிப் பெயர் மேலே தெரியும்படி கிடக்கிறது என்றுகூடச் சொன்னான்.

"இம்மாங் கரெக்டா சொல்ற," என்றாள் கிருபாக்கா. அது பாராட்டு மாதிரி இல்லை.

அஜினுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அக்கா, நாளைக்கு ஆட்டம். நான் சாகாத குறையா நிக்கேன். நீங்க பந்து எங்க, பந்து எங்கன்னா நான் என்னத்தைச் சொல்ல? தெரியுமே. எப்பவும் தெரியும். பந்து எங்க போய் விழும்னு அடிக்கதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும்."

கிருபாக்கா அவனை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"பந்துப் பையைத் தூக்கிக்கினு வா."

*

மைதானத்தின் ஓரத்தில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் கால்வாய். அவள் ஒரு பந்தை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"சுவருக்கு அந்தாண்ட அடி."

"அந்தப் பக்கம் கால்வாய்லா."

"தெரியும்."

"போனா போனதுதான்."

"தெரியும். அடி."

அடித்தான். பந்து சுவரின் நடுவில் பட்டுத் திரும்பி வந்தது. மறுபடி அடித்தான். சுவரின் மேல்விளிம்பில் பட்டு, இந்தப் பக்கமே விழுந்தது. இன்னொரு முறை. அதுவும் இந்தப் பக்கம்தான்.

"கால்ல வலு இல்லியா?"

"இருக்கு."

"சுவர் ரொம்ப ஒசரமா?"

அஜின் சுவரைப் பார்த்தான். அப்படி ஒன்றும் உயரம் இல்லை. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பின்னால் போய் ஓடிவந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு உதை விட்டான்.

பந்து சுவரைத் தாண்டிப் போனது. அந்தப் பக்கம் தண்ணீரில் தொப்பென்று ஒரு சத்தம்.

"எங்கடா போற?"

அஜின் நின்றான். சுவரடியில் நின்றுகொண்டிருந்தான். எப்போது ஓடிவந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. ஒரு ஷூ கழன்று பின்னால் கிடந்தது. ஜெர்சியை நெஞ்சு வரைக்கும் சுருட்டி ஏற்றியிருந்தான், கழற்றுவதற்கு.

"எடுக்க," என்றான்.

சொன்ன பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். கிருபாக்காவும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

அஜின் ஜெர்சியை இறக்கிவிட்டுக்கொண்டு சொன்னான்.

"எங்க ஊர்ல ஒரு கோலுக்குப் பின்னால கடல்தான் அக்கா. வலை கிலை ஒண்ணும் கிடையாது. பந்து கடலுக்குப் போச்சுன்னா அடிச்சவன்தான் நீந்திப் போய் எடுக்கணும். அவன் வாற வரைக்கும் எல்லாரும் மணல்ல உக்காந்து ஏசுவானுவ. அதனால நாங்க எல்லாரும் கோல் கோட்டைத் தாண்டுனதும் பந்து படுத்துரணும்னுதான் அடிப்போம். மணல்ல எந்தக் கோலியும் தாவ முடியாது, அதுவே போதும்."

"இங்க புல்லு," என்றாள் கிருபாக்கா.

"ஆமா. இங்க கோலி தாவிப் புடிச்சிருதான்."

ஒரு புல்லைப் பிடுங்கி விரலில் சுற்றினான்.

"கோயில் திருவிழா மேட்ச். நான் சின்னப்பையன். ஒரே ஒரு பந்து, புதுசு. ஆசையில ஓங்கி அடிச்சிட்டேன். கோல்தான். ஆனா பந்து போயிட்டு. நான் நீந்த நீந்த அது உள்ள உள்ள போகுது. கடைசில ஒரு வள்ளக்காரர் என் முடியைப் புடிச்சுத் தூக்கிட்டு வந்தாரு. பந்து இல்ல. மேட்ச்சும் இல்ல. கரையில யாரும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. கோல்னுகூட ஒருத்தனும் சொல்லல. எனக்கு அவ்வளவு அவமானமா இருந்துது அக்கா."

இவ்வளவு வருஷத்தில் இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஒன்றும் இருப்பதாகவே நினைத்ததில்லை.

கிருபாக்கா எழுந்தாள். பையிலிருந்து இன்னொரு பந்தை எடுத்துவைத்தாள்.

"அடி."

"கிளப் பந்து அக்கா. ஸ்டோர்காரர் கத்துவாரு."

"அவர்கிட்ட நான் பேசிக்கிறேன். அடி."

இந்த முறை அவன் ஜெர்சியின் முதுகுப் பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். அடித்தான். சுவருக்கு அந்தப் பக்கம் தொப். கால் தானாக முன்னால் பாய்ந்தது. ஜெர்சி இழுபட்டுக் கழுத்தை நெரித்தது. அவள் விடவில்லை.

"அடுத்தது."

தொப். மறுபடி முன்னால் பாய்ந்தான். மறுபடி நெரித்தது.

பை காலியாகும்வரை அடித்தான். கால்வாயின் அக்கரைத் தெருவில் அன்றைக்கு யாருக்கோ நல்ல யோகம். எந்தப் பந்தில் அவள் பிடியை விட்டாள் என்று அஜின் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவள் மரத்தடியில் நின்று ஷூவிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவன் அடித்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

*

மறுநாள் ஆட்டம்.

முதல் பாதியில் அவன் காலுக்குப் பந்தே சரியாக வரவில்லை. பெரிய கோச் இரண்டு தடவை வாட்சைப் பார்த்தார். மாற்று ஆட்டக்காரன் ஒருவன் எழுந்து உடம்பைச் சூடுபண்ண ஆரம்பித்தான்.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில்தான் வந்தது. நடுவிலிருந்து ஒரு நீளப் பந்து. தடுக்க வந்தவன் வழுக்கி விழுந்தான். எதிரே கோலி மட்டும். கேலரி எழுந்து நின்றது.

அஜின் அடித்தான்.

அடித்த இடத்திலேயே நின்றான்.

அப்புறம் யார் யாரோ முதுகில் வந்து விழுந்தார்கள். புல்லில் குப்புறக் கிடந்தான். அவன் பெயரைக் கேலரி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. எழுப்பிவிட்டபோது அவன் முகமெல்லாம் கண்ணீராக இருந்தது. அதைப் பற்றி அவனுக்கு ஒரு வெட்கமும் இல்லை.

தண்ணீர் குடிக்கக் கோட்டோரம் வந்தான். கிருபாக்கா பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். உடனே கொடுக்கவில்லை.

"பந்து எங்க?"

அஜின் யோசித்துப் பார்த்தான்.

"தெரியலக்கா."