அறைக்குள் வந்து போகிறவன்

செம்பாறை மடத்தில் மாசிலாமணி அடிகளுக்கு இரண்டு சீடர்கள். இருவருக்குமே தலை நரைத்துவிட்டது. ஏகாம்பரம் வாசற்படி ஏறும்போதே பேச ஆரம்பித்துவிடுவார். குழந்தைவேலு அளந்து பேசுகிறவர்.

தைப்பூசத்தன்று அந்தப் பேச்சையும் அவர் விட்டுவிட்டார். அடிகள் முன்னால் போய் நின்று, உதட்டில் விரல் வைத்துக் காட்டி, விழுந்து கும்பிட்டார். மௌன விரதம். அடிகள் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சம்மதம் என்று குழந்தைவேலு எடுத்துக்கொண்டார்.

மாசி பிறந்ததும் மனதில் ஏதோ உறுத்த ஆரம்பித்தது.

தினமும் அவர்தான் அடிகளின் அறைக்குள் போய்ப் பாயைச் சுருட்டுவார், கூட்டுவார், சொம்பில் தண்ணீர் வைப்பார். முன்பெல்லாம் “வாப்பா” என்று ஒரு சொல்லாவது வரும். இப்போது இல்லை. முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. சில நாள் அடிகள் காலைக்கூட உள்ளே இழுத்துக்கொண்டார். ஏகாம்பரத்தின் குரல் கேட்டால் மட்டும் அந்த முகம் மலர்ந்துவிடும்.

ஏகாம்பரம் என்ன சொல்லி வைத்திருக்கிறான்?

“என்ன வேலண்ணே, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டா?” என்று சமையலறையில் ஏகாம்பரம் சிரித்தால், அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஏதோ இருப்பதாகக் குழந்தைவேலுவுக்குப் பட்டது.

ஒருநாள் அடிகளின் அறையில் ஆணியில் தொங்கும் ருத்ராட்ச மாலையைக் காணவில்லை. அடுத்து யார் மடத்துக்குத் தலைவரோ, அவருக்குப் போகவேண்டிய மாலை அது. தேடியபோது ஏகாம்பரத்தின் அலமாரியில் துணி சுற்றி இருந்தது. குழந்தைவேலு அதைக் கையில் எடுத்து நீட்டினார்.

“ஐயாதான் குடுத்தாரு. பத்திரமா வைன்னாரு. ஏன்னு நான் கேட்கலை,” என்றார் ஏகாம்பரம்.

குழந்தைவேலு அதில் ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை.

அதற்குப் பிறகு அவர் கண் எல்லாவற்றிலும் இருந்தது. அடிகளின் போக்கும் சரியில்லை. பார்க்க வந்த ஒருவர் குடையைச் சாய்த்து வைத்தபோது, அடிகள் அதையே பார்த்துவிட்டு, “நீளமா, கறுப்பா, மடிஞ்சு மடிஞ்சு இருக்கே,” என்றார். வந்தவர் அதில் தத்துவம் கண்டு கைகூப்பினார். குழந்தைவேலு கைகூப்பவில்லை. காலையில்தான் சோற்றில் கிடந்த எறும்பைப் பார்த்து ஒதுக்கியவர் அடிகள். எறும்பு தெரிகிற கண்ணுக்குக் குடை தெரியாதா? அடிகளும் ஏகாம்பரமும் சேர்ந்து என்னவோ செய்கிறார்கள்.

பங்குனி உத்திரத்துக்கு ஊர் கூடும். அன்று விரதத்தை முடித்து, அத்தனை பேர் முன்னாலும் ஏகாம்பரத்தைத் திருடன் என்று சொல்லி வெளியேற்றுவது என்று முடிவு கட்டினார். அதற்கு முன்னால் அடிகளைச் சோதித்துவிட நினைத்தார்.

காலை வேளை. ஏகாம்பரம் மாட்டைக் கழுவப் போயிருந்தார். குழந்தைவேலு ஒரு பலகையைக் கொண்டுபோய் அடிகள் முன்னால் போட்டு, அதில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார்.

அடிகள் குனிந்து பார்த்தார். “மஞ்சளா இருக்கு. ஒரு முனை கூரா இருக்கு,” என்றார். மேலே ஒன்றும் வரவில்லை. கையை நீட்டி எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனதும், “அட, எலுமிச்சம்பழம்,” என்றார்.

“யாரை ஏமாத்த இந்த வேஷம்?”

பல நாள் பேசாத தொண்டை. குழந்தைவேலுவின் குரல் கரகரத்தது.

அடிகளின் கை அப்படியே நின்றது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. காதைத்தான் குரல் வந்த பக்கம் சாய்த்தார்.

“வேலுவா? எப்பப்பா வந்தே?”

“நான் எங்கே போனேன்?”

“நீ சொல்லாம கொள்ளாம கிளம்பிப் போயிட்டதா இருந்தேன். தைப்பூசத்துலேருந்து உன் குரலே இல்லையே.”

“தினமும் இந்த அறைக்கு வர்றேன். பாயைச் சுருட்டறேன். தண்ணி வைக்கறேன். நீங்க பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?”

அடிகள் பழத்தைப் பலகையில் வைத்தார்.

“அது நீயா?” என்றார். “கிட்ட வா.”

நெற்றி, மூக்கு, தாடை என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். “நீதான்.”

“ஐயாவுக்குக் கண்ணு தெரியலையா?”

“தெரியுது. தூண்ல இடிச்சுக்க மாட்டேன். நிறம் தெரியுது, ஓரம் தெரியுது. ஆனா இது இன்னதுன்னு மட்டும் பிடிபட மாட்டேங்குது. ஆளும் அப்படித்தான். மூக்கும் மீசையும் தெரியுது, யாருன்னு தெரியலை. தொட்டாலோ, குரல் கேட்டாலோ வந்துடுது. வயசாச்சு. மூளைக்குள்ள எங்கேயோ ஒரு நரம்பு காய்ஞ்சு போச்சு போல.”

“ஏகாம்பரத்துக்கு இது தெரியுமா?”

“யாருக்கும் சொல்லலை. அவன் பேசிக்கிட்டே வர்றான். அதனால அவன்கிட்ட சமாளிச்சுட்டேன்.”

“வேலு எங்கேன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“கேட்டா, இதோ பக்கத்துல நிக்கறாரேன்னு சொல்லிடுவானோன்னு பயம்.”

பயம் என்ற சொல்லை அடிகள் தம்மைப் பற்றிச் சொல்லிக் குழந்தைவேலு அதுவரை கேட்டதில்லை. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“மாலையை ஏன் அவன்கிட்ட குடுத்தீங்க?”

“வாய் திறக்காத ஆள் ஒருத்தன் தினம் உள்ளே வர்றான். ஒவ்வொண்ணாத் தொட்டு எடுக்கறான். திருடன்னு நினைச்சேன். மாலையை மட்டும் இடம் மாத்தினேன்.”

கொல்லைப்புறத்தில் ஏகாம்பரம் மாட்டோடு பேசுவது கேட்டது. குழந்தைவேலு தலையைக் குனிந்துகொண்டார்.

“திருடன்னு நினைச்சுமா ஐயா என்னை உள்ளே விட்டீங்க? ஒரு சத்தம் போட்டிருக்கலாமே.”

“மத்தியானம் தூங்கி எழுந்து காலை இறக்குவேன். அந்த ஆள் வந்து போயிருந்தா, செருப்பு ரெண்டும் என் கால் நுழையற பக்கமாத் திரும்பி இருக்கும்,” என்றார் அடிகள். “எவனா இருந்தா என்ன, நாளைக்கும் வரட்டும்னு இருந்தேன்.”