சனிக்கு வளையம் வந்த கதை

ஆவாரங்குளம் விண்வெளிச் சங்கத்தில் மொத்தம் மூன்று பேர். தலைவர் தங்கமாரி, செயலாளர் உலகநாதன், உறுப்பினர் சொரிமுத்து. மூவருக்கும் சேர்த்து ஒரே ஒரு தொலைநோக்கி. மூளையும் ஏறக்குறைய அதே கணக்குதான்.

நூலக மாடியில் ஓர் அறையை அவர்களுக்கு விட்டிருந்தார் நூலகர் செல்வரதி. அந்த அறைமேல் கேரம் விளையாடும் பையன்களுக்கு ஒரு கண். "ஞாயித்துக்கிழமைக்குள்ள சனிக் கிரகத்தை வளையத்தோட படம் எடுத்துட்டு வாங்க. இல்லன்னா ரூமைக் காலி பண்ணிருங்க" என்று சொல்லிவிட்டார். அறை போனால் சங்கமே போச்சு.

தொலைநோக்கியோடு வந்த குறிப்பின் முதல் வரி: 'பார்க்கும் முன் கருவியைக் குளிர விடவும்.' பெட்டிக்கடை ஐஸ் பெட்டியில், சேமியா ஐஸுக்கு நடுவே அதைப் படுக்க வைத்தார்கள். வெளியே எடுத்தபோது கண்ணாடியெல்லாம் பனி.

"நல்லா குளுந்திருக்கு" என்றார் தலைவர், திருப்தியாக.

துண்டால் துடைத்து, மொட்டைமாடியில் சனியை நோக்கித் திருப்பியதும் சொரிமுத்து பதறினான்.

"அண்ணாச்சி, கோயில்லயே சனீஸ்வரனுக்கு நேரா நிக்கக் கூடாதும்பாங்க. ஒதுங்கி நின்னுதான் கும்பிடணும். இதுல நேரா பாத்தா அவரும் நம்மள நேரா பாப்பாரே!"

"அதுவும் பக்கத்துல வந்து" என்றான் உலகநாதன். "எனக்கு ஏற்கெனவே ஏழரை நடக்கு. பக்கத்துல வந்தா பதினஞ்சு ஆயிரும்."

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். "ஏல, இந்தப் பக்கமா பாத்தா பக்கத்துல வருவாரு. அப்ப அந்தப் பக்கமா பாத்தா?"

"தூரப் போயிருவாரு!"

தொலைநோக்கியைத் தலைகீழாகத் திருப்பி, பெரிய கண்ணாடிப் பக்கம் செல்போனை வைத்துப் படமாக எடுத்துத் தள்ளினார்கள். எல்லாவற்றிலும் கடுகளவு ஒரு புள்ளி. உலகநாதனுக்கு அப்போதே ஏழரை விட்டது போல உடம்பு லேசாகிவிட்டது.

அடுத்த வரி: 'நூறு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் தெளிவாகத் தெரியும்.' ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு, அடுக்கி, மேலிருந்து பார்த்தார்கள். அதே புள்ளி. வளையத்தைக் காணோம்.

"அமுக்கம் பத்தல" என்றார் தலைவர். மூவரும் மாறி மாறி அதன்மேல் உட்கார்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையும் விடிந்துவிட்டது.

துக்கம் தாங்காமல் சொரிமுத்து டீ வாங்கிக் குடித்தான். மின்விசிறிக் காற்றில் படங்கள் பறக்காமலிருக்க, கிளாஸை அடுக்கின்மேல் வைத்தான். திரும்ப எடுத்தபோது, புள்ளியைச் சுற்றி அழகாக ஒரு வட்டம்.

"வளையம் வந்துட்டு அண்ணாச்சி!"

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நாம உக்காந்தது வீண் போகலடா."

படத்தைச் சுவரில் மாட்டினார்கள். செல்வரதி கிட்டே வந்து முகர்ந்து பார்த்தார். "இது டீயில்லா?"

"இருக்கும்க்கா. அங்க என்ன குடிக்காங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்றார் தலைவர்.

சொரிமுத்து சர்க்கரை தூக்கலாகக் குடிக்கிறவன். அதற்குள் வளையத்தின்மேல் சில எறும்புகள் சுற்ற ஆரம்பித்திருந்தன.

"நிலாக்கள்!" என்று கத்தினான் உலகநாதன். "சுத்துது பாருங்க!"

சுவர் நெடுக நிலாக்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அறையைப் பார்க்க வந்த கேரம் பையன்கள் காலை உதறிக்கொண்டு, "இந்த எறும்புப் புத்து எங்களுக்கு வேண்டாம்க்கா" என்று ஓடியே போனார்கள். செல்வரதி சிரிப்பை அடக்க முடியாமல் சாவியைச் சங்கத்திடமே கொடுத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து சொரிமுத்து ஒரு துள்ளு துள்ளினான். "ஐயோ அண்ணாச்சி, நிலா கடிச்சிட்டு!"

தலைவர் அவன் தோளில் கைவைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எந்த நிலான்னு காட்டுல. அதுக்கு உன் பேரைத்தான் வைக்கணும்."