காகம் மாட்டிய மீன் காட்டும் பெட்டி

ஆறு கடலில் சேருகிற இடத்தில் ஒரு பெரிய கழி. அந்தக் கழியில் மாடத்தி என்ற நீர்நாய் சொந்தமாக ஒரு மரப்படகு வைத்திருந்தது. அதற்குக் கூட்டாளி சுடலி என்ற நீர்க்காகம். சுடலி முங்கிப் பார்த்து, இங்கே மீன் இருக்கிறது என்று சொல்லும். மாடத்தி அங்கே வலை போடும். கிடைப்பதில் ஆளுக்குப் பாதி. சண்டை சச்சரவு இல்லாமல் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் கோடை கொளுத்தி எடுத்துவிட்டது. கரையோரத் தண்ணீர் கால் வைக்க முடியாமல் சுட்டது. மீனெல்லாம் நடுக்கழியில் எங்கேயோ ஆழத்துக்குப் போய்ப் பதுங்கிக்கொண்டன. சுடலியின் கூட்டிலோ குஞ்சுகள் திறந்த வாயை மூடவில்லை. அது கொண்டுபோகிற பொடிமீன், அந்தக் குஞ்சுகளுக்குப் பல் இருந்திருந்தால் பல்லிடுக்குக்குக்கூடக் காணாது.

எல்லா இடத்திலும் முங்கித் தேடலாமே என்பீர்கள். அதுதான் முடியாது. வாத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாது. நீர்க்காகத்தின் இறகு அப்படியில்லை. முங்க முங்க ஊறிக் கனத்துப்போகும். வெயிலில் சிறகை விரித்துக் காயவைத்த பிறகுதான் மறுபடி முங்க வேண்டும். காயாமல் முங்கினால் மேலே வருவதே பெரும் பாடு.

இந்தச் சமயத்தில்தான் கருத்தான் வந்து சேர்ந்தது. கருத்தான் துறைமுகத்துக் காகம். விசைப்படகுகளின் உச்சியில் உட்கார்ந்தே வளர்ந்தது. பேச்சு மட்டும் அந்தப் படகுகளுக்கே முதலாளி மாதிரி இருக்கும். துறைமுகத்தில் எல்லாப் படகிலும் ஒரு பெட்டி இருக்கிறது, அடியில் கிடக்கிற மீன் அதன் கண்ணாடியில் தெரியும், படகு எங்கே நிற்கிறது என்று வழியும் காட்டும், பழைய பெட்டி ஒன்றைக் கழற்றி மூலையில் போட்டிருக்கிறார்கள் என்று அளந்துவிட்டது. மாடத்தி நீந்திப் போய்ப் பெட்டி, பேட்டரி, ஒயர் எல்லாவற்றையும் ஒரு மரப்பலகையில் ஏற்றி இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

"இதை மாட்டத் தெரியுமா தம்பி?" என்று மாடத்தி கேட்டது.

பார்த்திருக்கிறேன் அக்கா, மாட்டினதில்லை என்று சொல்லியிருந்தால் ஒன்றும் குடி முழுகியிருக்காது. யாராவது ஒருவரைக் கேட்டு வந்திருப்பார்கள். ஆனால் இரண்டு பேர் நம்மையே வாய் பார்த்துக்கொண்டு நிற்கும்போது தெரியாது என்று சொல்ல யாருக்குத்தான் மனசு வருகிறது?

"இதென்னக்கா பெரிய வித்தை. நான் பாக்காததா?" என்றது கருத்தான்.

முதலில் ஜி.பி.எஸ். அதற்கு வெள்ளை மூடி ஒன்று இருந்தது. அது வானத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்று கருத்தானுக்குத் தெரியும். ஏனென்றால் துறைமுகத்தில் அது உட்காருகிற இடமே அந்த மூடிதான். கம்பத்தின் உச்சியில் வைத்துக் கட்டியது. கண்ணாடியைத் துடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தியது. பேட்டரியை மாட்டியதும் கழியின் படமும் அதில் படகு நிற்கிற புள்ளியும் தெரிந்தன. சுடலி வாயைப் பிளந்துவிட்டது.

மிச்சம் இருந்தது ஒரு நீள ஒயர். அதன் நுனியில் ஒரு கறுப்புக் கட்டி. தண்ணீருக்குள் சத்தம் அனுப்பி, மீன் மேல் பட்டுத் திரும்பி வருகிற சத்தத்தைக் கேட்பது அதுதான். அது எங்கே போகும் என்று கருத்தான் கண்டதேயில்லை. எப்படிக் காணும்? படகின் உச்சியில் உட்கார்ந்தவனுக்குப் படகின் அடி தெரியுமா? கட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது.

படகுக்கு வெளியே அடியில் மாட்ட வேண்டுமோ என்று சுடலி மெதுவாகக் கேட்டது. படகில் ஓட்டை போட்டால் முங்கிப்போக மாட்டோமா, இது தெரியாதா என்று கருத்தான் அதட்டியது. சுடலி அடங்கிவிட்டது. படகின் பின்பக்கம், உள்ளே, கசிந்த தண்ணீர் எப்போதும் கொஞ்சம் தேங்கிக் கிடக்கும். தூண்டிலுக்கு வேண்டிய உயிர்க் கெண்டைகளை மாடத்தி அதில்தான் விட்டுவைத்திருந்தது. தண்ணீரில் கிடக்க வேண்டும், அவ்வளவுதானே என்று கருத்தான் கட்டியை அந்தத் தண்ணீருக்குள் போட்டுக் கட்டிவிட்டது.

உடனே கண்ணாடியில் மீன் தெரிந்தது. 'டிங்' என்று ஒரு சத்தமும் வந்தது. மாடத்தி ஆனந்தத்தில் வாலால் படகை ஒரு தட்டுத் தட்டியது.

காலையில் கிளம்பினார்கள். நடுக்கழிக்குப் போனதும் 'டிங்'. சுடலி முங்கியது. ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டு மேலே வந்தது. நீ விழுந்த வேகத்தில் மீன் அடிக்கு ஓடியிருக்கும், இன்னும் ஆழமாகப் போ என்றது கருத்தான். போனது. இல்லை. சரி, சாயங்காலம் வந்து பார்ப்போம் என்று கருத்தான் அந்த இடத்தில் ஒரு பட்டனை அழுத்தி ஜி.பி.எஸ்.-இல் அடையாளம் வைத்தது. கொஞ்ச தூரம் போனார்கள். மறுபடி 'டிங்'. மறுபடி முங்கல். மறுபடி அடையாளம். மாடத்தி சந்தேகத்தில் ஒருதரம் வலையை வீசிப் பார்த்தது. பாசியும் ஒற்றைச் செருப்பும் வந்தன.

"எனக்கு ஒண்ணும் தெரியலயே அண்ணே," என்றது சுடலி.

"பெட்டிக்குத் தெரியுது. உனக்குத் தெரியலன்னா கண்ணுல ஏதோ கோளாறு," என்றது கருத்தான்.

சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னதுதான். ஆனால் சுடலிக்குச் சுருக்கென்று தைத்தது. வயசாகிவிட்டதோ, பார்வை மங்குகிறதோ என்று அதற்கே சந்தேகம் வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டது. அந்த வழியாகப் பறந்துபோன மீன்கொத்தி ஒன்று இதைக் காதில் வாங்கிக்கொண்டு போனது. மீன்கொத்தி காதில் விழுந்தால் கரை முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டது என்று அர்த்தம்.

உச்சி வெயிலில் கருத்தானுக்குப் பசித்தது. மற்றவர்கள் பார்க்காத சமயம் பின்பக்கம் போய், ஒரு கெண்டையைக் கொத்தலாம் என்று அலகைத் தண்ணீருக்குள் விட்டது. கட்டிக்கு நேர் எதிரே அலகு.

'டிங், டிங், டிங்.'

"அடி ஆத்தீ, எவ்வளவு பெருசு!" என்று கூவியது மாடத்தி. "கண்ணாடிய அடைச்சிக்கிட்டு நிக்கி!"

கருத்தான் சட்டென்று அலகை எடுத்தது. கண்ணாடியில் இருந்த பெரிய மீன் மறைந்தது. ஒன்றும் புரியாமல் மறுபடி விட்டது. மீன் வந்தது. எடுத்தது. போனது. அப்புறம் கட்டிக்கு முன்னால் ஒரு கெண்டை வந்து நின்றது. கண்ணாடியில் காலை முதல் காட்டிக்கொண்டிருந்த அதே மீன்.

காகத்துக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. இத்தனை நேரம் இவர்கள் தேடியது படகுக்குள்ளே கிடக்கிற தூண்டில் மீனை. இந்தப் பெரிய மீன் தன்னுடைய அலகு. இப்போது சொன்னால் மாடத்தி சிரிக்குமே, கரையெல்லாம் சிரிக்குமே, துறைமுகம் வரைக்கும் போகுமே என்று நினைத்தது. யாருக்கும் தெரியாமல் கட்டியை எடுத்து வெளியே தொங்கவிட்டுவிட்டால் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும் என்றும் நினைத்தது. அதற்குக் கொஞ்ச நேரம் கிடைத்தால் போதும்.

ஆனால் சுடலி அதற்குள் படகின் விளிம்புக்கு வந்துவிட்டது. அதன் இறகுகள் ஊறித் தொங்கின. காயவைத்துவிட்டு முங்கலாமே என்றது மாடத்தி.

"இல்லக்கா. இவ்வளவு பெருசு கூடவா என் கண்ணுக்குத் தெரியாது? பாத்துட்டு வந்துர்றேன்," என்றது சுடலி.

வேண்டாம் என்ற சொல் கருத்தானின் தொண்டை வரைக்கும் வந்தது. வெட்கம் அதை அங்கேயே அமுக்கிவிட்டது. சுடலி குதித்தது.

தண்ணீர் மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் குமிழி வந்தது. அப்புறம் அதுவும் நின்றது. மாடத்தி எட்டிப் பார்த்தபடி, பெரிய மீனோடு மல்லுக்கட்டுகிறது போல என்றது.

"அக்கா, அது மீனில்ல," என்றது கருத்தான். குரல் அதற்கே கேட்கவில்லை. மறுபடி கத்தியது. "கீழ ஒண்ணுமே இல்லக்கா. கண்ணாடியில தெரிஞ்சது என் அலகு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சுடலிய முங்க விட்டேன். போய்த் தூக்குங்க!"

மாடத்தி ஒரு பார்வை பார்த்தது. பிறகு தண்ணீரில் பாய்ந்தது.

படகில் காகம் தனியாக நின்றது. நீந்தத் தெரியாது. பறந்து என்ன பயன்? ஒரு கெண்டை நீந்திப் போக, பெட்டி 'டிங்' என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்கச் சகிக்காமல் கருத்தான் பேட்டரி ஒயரைப் பிடுங்கிப் போட்டது.

மாடத்தி சுடலியைக் கழுத்தோடு கவ்விக்கொண்டு மேலே வந்தது. பலகையில் போட்டுச் சிறகை விரித்துவிட்டு வயிற்றை அமுக்கியது. தண்ணீர் வந்தது. ரொம்ப நேரம் கழித்துச் சுடலி கண்ணைத் திறந்தது. முதலில் தேடியது கருத்தானைத்தான்.

"மன்னிச்சிருங்க அண்ணே. அடி மண்ணு வரைக்கும் போய்ப் பாத்தேன். இந்தத் தடவையும் எனக்குத் தெரியல," என்றது.

கருத்தானுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னது. மாட்டத் தெரியாமலே மாட்டினது, அலகைப் பார்த்த பிறகும் வாயை மூடிக்கொண்டு இருந்தது, எல்லாம்.

சுடலி திட்டும், கொத்தும் என்று காகம் கண்ணை மூடிக் காத்திருந்தது.

"அப்போ என் கண்ணு நல்லாத்தான் இருக்கா அண்ணே?" என்றது சுடலி. அதன் கண்ணில் நீர் வந்தது. சந்தோஷத்தில் வந்த நீர் அது. ஒரு கொத்துக் கொத்தியிருந்தால்கூடக் கருத்தானுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மாடத்தி கறுப்புக் கட்டியை ஒரு மூங்கிலின் நுனியில் கட்டிப் படகுக்கு வெளியே தண்ணீருக்குள் இறக்கியது. பிடுங்கிப் போட்ட பேட்டரி ஒயரைக் கருத்தான் மறுபடி மாட்டியது. ஓட்டையும் வேண்டியிருக்கவில்லை, ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. பெட்டி அப்போதுதான் முதல்முறையாகக் கழியின் அடித்தரையைக் காட்டியது. வெகு நேரம் சுற்றிய பிறகு ஒரு பள்ளத்தில் கூட்டமாக மீன் தெரிந்தது. சுடலியை அசையவிடாமல் மாடத்தியே முங்கிப் பார்த்து வலை போட்டது. குஞ்சுகளுக்குப் போதும் போதும் என்கிற அளவுக்கு மீன் வந்தது.

கரைக்கு வந்தபோது பறவைக் கூட்டம் நின்றது. மீன்கொத்தி வேலையைச் செய்து முடித்திருந்தது. மீன் குவியலைப் பார்த்ததும் எல்லாம் கருத்தானைச் சூழ்ந்துகொண்டு பாராட்டின. சுடலியைப் பார்த்து உச்சுக் கொட்டின. பாவம், கண் போய்விட்டதாமே, இனி நீ கரையில் இரு, பெட்டி பார்த்துக்கொள்ளும் என்றது ஒரு கொக்கு. சுடலி கருத்தானைக் காட்டிக்கொடுக்கவில்லை. மீனைக் கவ்விக்கொண்டு கூட்டுக்குப் புறப்பட்டது.

கருத்தான் நினைத்திருந்தால் அப்படியே விட்டிருக்கலாம். மாடத்தியும் வாய் திறக்கவில்லை. ஆனால் தலை குனிந்து போகிற சுடலியை அதனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"சுடலி, கொஞ்சம் நில்லு," என்றது. பிறகு கூட்டத்தைப் பார்த்து, யார் முகத்தையும் பார்க்க முடியாமல், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னது. "அது கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. இல்லாத மீன இல்லன்னுதான் காலையில இருந்து சொல்லிச்சு. எனக்குப் பெட்டி மாட்டத் தெரியாது. அத மறைக்கத்தான் சுடலியக் குருடுன்னு சொன்னேன். அதனால அது சாகப் பாத்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது காகத்துக்கு. கொக்கு மட்டும் நகர்ந்து சுடலிக்கு வழி விட்டது. சுடலி நிமிர்ந்து நடந்து, மரத்துக்குப் பறந்துபோனது.

தெரியாது என்று சொல்லும் சின்ன வெட்கத்துக்குப் பயந்து, தன் தப்பை அடுத்தவர் தலையில் ஏற்றும் பெரிய வெட்கத்தை யாரும் தேடிக்கொள்ளக் கூடாது.