அழியப் போகிறவை

தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் ஷமீமாவின் போன் பழுது பார்க்கும் கடை இருந்தது. முன்பு ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்தியவர் என்பதால் ஊரில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். வயது முப்பத்திரண்டு. அவரிடம் தொழில் படிக்க வந்திருந்த சொரிமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு. இருபது வருடம் மரக்கடையில் சூப்பர்வைசராக இருந்தவர். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர்.

கடையில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒரு போனில் உள்ளதையெல்லாம் அழித்துத் துடைத்துத் திறப்பதற்கு முன், அதன் சொந்தக்காரர் 'இது என் போன், நான் சொல்லித்தான் திறக்கிறார்கள்' என்று நோட்டில் தன் கையால் எழுத வேண்டும். அதற்குக் கீழே, அழியப் போகிறவை என்னென்ன என்று ஒன்று விடாமல் எழுத வேண்டும். இது முதலாவது.

சொந்தக்காரர் பாஸ்வேர்டு போடும்போது கடையில் இருப்பவர்கள் எல்லோரும் சுவர் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். இது இரண்டாவது. அந்தச் சுவரில் ஒரு காலண்டர்கூடக் கிடையாது. வெறும் சுவரைப் பார்த்து நிற்பது சொரிமுத்துவுக்கு ஆரம்பத்தில் சிரிப்பாக வந்தது. மூன்று மாதத்தில் பழகிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் தன் போனையே கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"டீச்சர், இதுல இருக்க கம்பெனி பூட்டை எடுக்கணும். எப்படின்னு சொல்லித் தாங்க."

"ஏன், போனுக்கு என்ன?"

"போனுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் ஆத்திரமா வருது. நான் கேக்காத விளையாட்டு நாலு உள்ள கிடக்கு. அழிக்க விட மாட்டேங்கு. வேற சாப்ட்வேர் போட விட மாட்டேங்கு. என் போன்ல எது இருக்கணும், எது இருக்கக் கூடாதுன்னு எங்கேயோ உக்காந்திருக்கவன் முடிவு பண்ணுதான். நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"எதுக்காகப் பூட்டி வச்சிருக்காங்களாம்?"

"என் நல்லதுக்குத்தானாம்!" சொரிமுத்து பலமாகச் சிரித்தார். "எனக்கு எது நல்லதுன்னு அவனுக்கு என்ன தெரியும் டீச்சர்? ஒரு நாளாவது என்கிட்ட கேட்டிருக்கானா?"

ஷமீமா சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து அவர் முன்னால் நகர்த்தினார்.

"எடுத்திரலாம் அண்ணாச்சி. ஆனா பூட்டு திறக்கும்போது உள்ள இருக்கது அத்தனையும் போயிரும். எழுதுங்க."

சொரிமுத்து 'இது என் போன்' என்று பெரிய எழுத்தில் எழுதினார். 'என்' என்பதற்குக் கீழே ஒரு கோடும் போட்டார். அப்புறம் போனை ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்த்துக் கீழே எழுதிக்கொண்டே வந்தார். நம்பர்கள் நானூற்றிப் பத்து. மகன் கல்யாணப் படங்கள். குற்றாலத்தில் எடுத்த வீடியோ. மரக்கடை ஆட்கள் குரூப். வேண்டியதையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டார்.

கடைசிப் பக்கத்தில் பூட்டுப் படம் போட்ட ஆப் ஒன்று இருந்தது. அதை எழுதாமல் நோட்டை மூடப் போனார்.

"அது என்ன அண்ணாச்சி?"

"அது ஒண்ணுமில்ல டீச்சர். வீட்டுல ஆவுடை போனுக்காகப் போட்டு வச்சிருக்கேன். அவ எதை இறக்கினாலும் முதல்ல என்கிட்ட கேக்கும். நான் சரின்னு தட்டினாத்தான் அங்க இறங்கும்."

"எதுக்கு?"

"அவ நல்லதுக்குத்தான். ஒண்ணு கிடக்க ஒண்ண இறக்கிட்டா?"

சொல்லி முடித்ததும், இதே வார்த்தையைக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் யாரோ சொன்ன மாதிரி அவருக்கு இருந்தது. யார் என்று அவர் யோசிக்கவில்லை. அவசரமாகப் பேனாவை எடுத்தார்.

"அதுக்குள்ள என்ன இருக்குன்னும் எழுதணும்ல்லா?" என்றார் ஷமீமா.

சொரிமுத்து ஆப்பைத் திறந்தார். 'வந்த வேண்டுகோள் 11. மறுத்தது 11' என்று இருந்தது. அப்படியே எழுதினார். இந்தத் தடவை எழுத்து சின்னதாக விழுந்தது.

"மதினி எதைக் கேட்டாங்க?"

"பாக்கல டீச்சர்."

"ஒரு தடவைகூடவா?"

"வேலையில இருக்கும்போது மணி அடிக்கும். வேண்டாம்னு தட்டி விட்டிருவேன்."

"இப்ப பாக்கலாமே. தட்டினா உள்ள இருக்கும்."

சொரிமுத்துவின் விரல் போனுக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. டீச்சர் முன்னால் அந்தப் பட்டியலைத் திறக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. உள்ளே என்ன இருக்கிறதோ என்று பயமாகவும் இருந்தது.

"அதான் அழியப் போகுதே டீச்சர். இனிமே பாத்து என்ன?"

ஷமீமா போனைக் கம்ப்யூட்டரோடு இணைத்தார். அவர் சொல்லச் சொல்ல சொரிமுத்து கட்டளைகளைத் தட்டினார். 'எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?' என்று போன் கேட்டது. சம்மதம் கொடுத்தார். திரை கறுத்து, வெகுநேரம் கழித்து வெளிச்சம் வந்தது. 'பூட்டுத் திறந்த போனுக்குப் பாதுகாப்பு இல்லை' என்று ஓர் எச்சரிக்கை வந்து போனது.

"பயமுறுத்திப் பாக்கான்," என்றார் சொரிமுத்து. நாலு விளையாட்டையும் ஒவ்வொன்றாக அழித்தார். "இப்பத்தான் டீச்சர் இது என் போன்."

சந்தோஷத்தில் டீ வாங்கிவரக் கிளம்பினார். படியில் யாரோ மூச்சு வாங்க ஏறி வரும் சத்தம் கேட்டது. அவர் மனைவி ஆவுடையம்மாள். மேலகரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்.

"நீ என்னத்துக்கு இங்க வந்த?" என்றார் சொரிமுத்து.

"போன் திடீர்னு நின்னுட்டு. உங்களுக்குப் பேசலாம்னா அதுவும் போகல. என்னமோ எழுதி வருது."

ஆவுடையம்மாள் மேஜையில் வைத்த போனில் இப்படி இருந்தது: 'பொறுப்பாளரின் போன் தொடர்பில் இல்லை. அவர் அனுமதி கிடைக்கும்வரை இந்த போன் இயங்காது.'

சொரிமுத்து படித்தார். அனுமதி கொடுக்க வேண்டிய ஆப்பை அவரே கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அழித்திருந்தார். அதை மறுபடி போட்டு இந்த போனோடு சேர்க்கத் தேவையான பழைய சாவி எண்ணும் அதோடு போய்விட்டது. பழக்க தோஷத்தில் கை தானாக அந்த போனை எடுக்க நீண்டது.

"கைய எடுங்க அண்ணாச்சி," என்றார் ஷமீமா. குரல் உயரவில்லை. "மதினி, நீங்க உக்காருங்க. இதையும் மொத்தமாத் துடைச்சுத்தான் திறக்கணும். யார் போன் இது?"

கடைக்கு வரும் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். ஆவுடையம்மாள் புருஷனைப் பார்த்தார்.

"அவுக போன்தாம்மா. என் கையில இருக்கும், அவ்வளவுதான்."

குத்திக்காட்டி அவர் சொல்லவில்லை. ரேஷன் கார்டு யார் பேரில் என்று கேட்டால் சொல்வது மாதிரி சொன்னார். அதுதான் சொரிமுத்துவைக் கூசவைத்தது. சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு அவரும் நாலு வார்த்தை பேசியிருப்பார். நோட்டு திறந்தே கிடந்தது. அதில் அவர் கோடு போட்ட 'என்' கொட்டை எழுத்தில் தெரிந்தது. அதைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"இல்ல," என்றார். "அவ போன் டீச்சர். அவளே எழுதட்டும்."

கையை எடுத்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பி, பேனாவை மனைவியிடம் கொடுத்தார். 'இது என் போன்' என்று எழுத ஆவுடையம்மாளுக்கு நேரம் பிடித்தது. எழுத்து தெரியாமல் இல்லை. நடுவில் இரண்டு தடவை நிமிர்ந்து புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டார். அந்த இரண்டு தடவையும் சொரிமுத்துவால் அவரைப் பார்க்க முடியவில்லை.

அழியப் போகிறவை என்ற இடத்தில் அவருக்கு எழுத எதுவும் இருக்கவில்லை. பேரன் படம் ஒன்று மட்டும் இருந்தது. அது மகனிடமும் இருக்கிறது என்றார்.

போன் புதிதாகத் திறந்தது.

"உங்களுக்கு மட்டும் தெரியற மாதிரி ஒரு பாஸ்வேர்டு போட்டுக்கோங்க மதினி," என்று சொல்லிவிட்டு ஷமீமா சுவர் பக்கம் திரும்பினார்.

சொரிமுத்துவும் திரும்பினார். மூன்று மாதமாக எத்தனையோ பேருக்காக அந்தச் சுவரைப் பார்த்து நின்றிருக்கிறார். சொந்த மனைவிக்காக நின்றது அன்றுதான். காதெல்லாம் சூடாக இருந்தது. முதுகுக்குப் பின்னால் விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிற சத்தம் கேட்டது.

முகத்தைப் பார்த்துக் கேட்க முடியாததை அவர் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"ஆவுடை, பதினோரு தடவை எதை இறக்கக் கேட்ட?"

தட்டுகிற சத்தம் நின்றது.

"அது எதுக்கு இப்ப. அதுக்கு உள்ள தேதி போன மாசமே போயிட்டு."

"எதுக்கு உள்ள தேதி?"

கீழே தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. பிறகு, விட்ட இடத்திலிருந்து தட்டுகிற சத்தம் மறுபடியும் கேட்டது.

சொரிமுத்து திரும்பாமலே பக்கத்தில் நின்ற ஷமீமாவிடம் மெல்லச் சொன்னார்.

"சொல்ல மாட்டேங்கா டீச்சர். நோட்டுலயும் எண்ணிக்கை மட்டுந்தான் இருக்கு. நான் இப்ப என்ன செய்ய?"

ஷமீமாவும் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவங்க பதினோரு தடவை கேட்டாங்க அண்ணாச்சி. நீங்க இப்பத்தான் முதல் தடவையா கேக்கீங்க."