மந்திரவாதிப் படத்துக்குப் போன வேதரத்தினம்

வேதரத்தினம் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டு ஆண்டுகளாக அரசியம்மாவின் சீடர். அம்மா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். கோடியக்கரைச் சாலையில், சவுக்குத் தோப்புக்கு நடுவே, ஓடு வேய்ந்த ஒரு கூடம். காலையும் மாலையும் அங்கே தியானம். அம்மாவின் மடம் அவ்வளவுதான்.

அன்று காலை வேதரத்தினம் கத்திக்கொண்டேதான் உள்ளே வந்தார்.

"அம்மா, ஊருக்குள்ள என்ன படம் ஓடுது தெரியுமா? மந்திரவாதிப் படம்! சின்னப் பய ஒருத்தன் கோலைத் தூக்குறானாம், மலை ரெண்டாப் பிளக்குதாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பூரா அங்கதான் கிடக்குது."

அம்மா ஏணியில் நின்று உடைந்த ஓட்டை மாற்றிக்கொண்டிருந்தார்.

"ஏணியைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்கய்யா."

பிடித்தார். பிடித்தபடியே கத்தினார்.

"மந்திரிச்சுப் பாடம் போட்டு விஷத்தை இறக்குறேன்னு ஒருத்தன் சொன்னான். என் சம்சாரம் செத்தா. பாம்பு கடிச்சவளை உக்காரவச்சு மூணு மணி நேரம் வேப்பிலை அடிச்சான். அந்த மாதிரி ஆளுங்களைத்தான் இந்தப் படம் தூக்கிவச்சுக் காட்டுது. ஞாயித்துக்கிழமை தியேட்டர் வாசல்ல நிக்கப்போறேன். ஒரு பிள்ளையை உள்ள விடமாட்டேன். நீங்களும் வரணும்."

ஏணி ஆடியது. அம்மா கூரையைப் பற்றிக்கொண்டார்.

"படம் பாத்தீங்களா?"

"அதை வேற பாக்கணுமா?"

"பாத்துட்டு வாங்க. நானும் வந்து நிக்கிறேன்."

அவருக்கு அம்மாமேலும் கோபம் வந்தது. ஏணியை விட்டுவிட்டுப் போனார்.

மதியக் காட்சி. படம் சொல்லும் பொய்களை ஒன்றுவிடாமல் குறித்துக்கொள்ள நோட்டும் பேனாவும் எடுத்துப் போயிருந்தார். பறக்கும் ஆடு. பேசும் கிணறு. நெருப்பைக் குடிக்கும் கிழவி. ஒவ்வொன்றாக எழுதினார். பிள்ளைகள் நாற்காலிமேல் ஏறி நின்று விசிலடித்தார்கள். "உக்காருங்கடா!" என்று அதட்டினார். ஒருவரும் கேட்கவில்லை.

இடைவேளைக்குப் பிறகு, இளம் மந்திரவாதியின் தோழியை நாகம் தீண்டியது.

வேதரத்தினம் பல்லைக் கடித்தார். இனி என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். அந்தக் காட்சி வருவதற்கு முன்பே எழுதத் தொடங்கினார்.

பையன் கோலை எடுத்தான். மந்திரம் சொன்னான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி சொன்னான். பிள்ளைகளும் அவனோடு சேர்ந்து மந்திரத்தைக் கத்தினார்கள். அவள் கண்கள் செருகின.

பையன் சட்டென்று நிறுத்தினான். "எனக்கு இது தெரியாது" என்றான். கோலைக் கீழே போட்டான். அவளை முதுகில் தூக்கிக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கம் இருந்த மருத்துவச்சியின் வீட்டை நோக்கி ஓடினான்.

அதன் பிறகு வெகுநேரம் திரையில் ஓட்டம் மட்டும்தான். விசில் நின்றுபோயிற்று. அவன் மூச்சு இரைப்பது மட்டும் கேட்டது.

வேதரத்தினம் எழுதவில்லை.

படம் முடிந்து, விளக்குப் போட்டு, வாசலில் டிக்கெட் கிழிப்பவர் வந்து "எந்திரிங்க சார், அடுத்த காட்சிக்குக் கூட்டணும்" என்று சொன்னபோது அவரிடமும் எரிந்து விழுந்தார். வெளியே வந்து சைக்கிளை மிதித்தார்.

அம்மா கூடத்து வாசலில் உட்கார்ந்து, அவித்த பனங்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் என்னை அனுப்புனீங்க?"

"உக்காருங்கய்யா."

"உக்காரமாட்டேன்."

"படத்துல என்ன வந்துச்சு?"

நின்றபடியே சொன்னார். பையன் கோலைப் போட்டதைச் சொன்னார். தூக்கிக்கொண்டு ஓடியதைச் சொன்னார். அந்தப் பெண் பிழைத்ததைச் சொன்னார்.

"நல்ல படமாத்தானே இருக்கு. அப்புறம் எதுக்குக் கோபம்?"

வேதரத்தினம் கூடையை எட்டி உதைத்தார். கிழங்குகள் மணலில் சிதறின.

"அவனுக்குப் பதினாறு வயசு இருக்குமா? பய! நான் கெமிஸ்ட்ரி வாத்தியார்மா. விஷம்னா என்னன்னு போர்டுல எழுதிப் போட்டவன். அந்தப் பாடம் போடுறவன்கிட்ட என் சம்சாரத்தைக் கூட்டிட்டுப் போனதே நான்தான். வண்டியில பின்னால உக்காந்துக்கிட்டு அவ சொன்னா, 'ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்க'ன்னு. ரெண்டு தடவை சொன்னா. 'சும்மா இரு, எனக்குத் தெரியும்'னு நான்தான் வண்டியைத் திருப்பினேன்."

அம்மா எழுந்து, கிழங்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மணலைத் தட்டிக் கூடையில் போட்டார்.

"இனி நான் யார்மேல கோபப்படுறது? அவன்மேலயா? என்மேலயா? இருக்கிற காலம் பூரா என்மேலயே கோபப்பட்டுக்கிட்டுக் கிடக்கணுமா?"

அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டார்.

"எட்டு வருஷமா உங்க முன்னால வந்து உக்காந்திருக்கேன். வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்கம்மா!"

அம்மா கூடையைக் கீழே வைத்தார்.

"எட்டு வருஷமா அந்தப் பாடம் போடுறவன் பேரைச் சொல்லியிருக்கீங்க. அவன் ஊரைச் சொல்லியிருக்கீங்க. அவன் பல்லு எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியும். உங்க சம்சாரம் பேரு என்னன்னு இன்னும் எனக்குத் தெரியாதுய்யா. உக்காந்து சொல்லுங்க."