பதினெட்டாவது மரம்

பல்கலைக்கழகத் தோட்டத்தில் மரம் பதினேழு. பார்த்துக்கொள்ள ஆள் மூன்று: சுடலைமுத்து, பிச்சாண்டி, அந்தோணிக்கண். மூன்று பேருக்கும் சேர்த்து மூளை எத்தனை என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

இவர்களை மேய்க்கிற வேலை ஜெசிந்தாவுக்கு. தற்காலிக வேலைதான். வீட்டுக்காரர் லாரி டிரைவர்; மாசத்துக்கு ஒரு தடவை வந்து போவார். நாலு மாசக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு நாதியில்லை. “குழந்தையைத் தூக்கிட்டு வந்தா சீட்டு கிழிஞ்சிரும்” என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். அதனால் குழந்தை புங்கமரத்துத் தூளியில் ஒளிந்து தூங்கும். எங்கே செருப்புச் சத்தம் கேட்டாலும் ஜெசிந்தா ஓடிப்போய்த் தூளியை மறைத்து நின்றுகொள்வாள்.

மரபு வாரம் வந்தது. துணைவேந்தர் தோட்டத்தைப் பார்க்க வருகிறாராம்.

“எல்லா மரத்துக்கும் பேர் வச்சிரணும், ஆமா” என்று சொல்லிவிட்டு, பெயர்ப்பலகைகளை வாங்க ஆபீசுக்கு ஓடினாள் ஜெசிந்தா.

“பேர் வைக்கணும்னா காதுல மூணு தடவை சொல்லணும்ல” என்றான் சுடலைமுத்து.

“மரத்துக்கு ஏதுல காது?” என்றான் பிச்சாண்டி.

“இலைதான். காத்தடிச்சா ஆடுதுல்லா.”

“அம்புட்டு இலையிலயும் சொன்னா விடிஞ்சிரும். பொந்துல சொல்லுவோம்” என்றான் அந்தோணிக்கண்.

அவள் திரும்புவதற்குள் ஆலமரம் ராஜாமணி ஆகியிருந்தது. வேப்பமரம் புஷ்பலதா. நாவல்மரத்துப் பொந்தில் ஓணான் உட்கார்ந்திருந்ததால், ஜெயசீலன் என்ற பெயரை அது வாங்கிக்கொண்டு போய்விட்டது.

ஜெசிந்தா தலையில் அடித்துக்கொண்டாள். “இந்தாங்க, பதினேழு பலகை. சீக்கிரம் கட்டுங்க. அப்புறம், தூளியில இருக்கிறது பிள்ளைன்னு யாருக்கும் தெரியக்கூடாது!”

“சரிக்கா.”

வாசலில் கார் வந்துவிட்டது. அவள் மாலையோடு ஓடினாள்.

“புங்கமரத்தைப் பார்த்தாலே மரம்னு தெரியும்” என்றான் பிச்சாண்டி. “பிள்ளைக்குத்தாம்ல பலகை வேணும்.”

மற்ற இருவரும் அவன் அறிவை மெச்சி, புங்கமரத்துப் பலகையைத் தூளியில் கட்டினார்கள்.

துணைவேந்தர் சரித்திரம் படித்தவர். செடிகொடி விஷயம் ஆகாது. தூளி முன்னால் நின்று பலகையை வாசித்தார்: “பொங்காமியா பின்னேட்டா. பதினைந்து மீட்டர் வளரும். விதையில் எண்ணெய் எடுக்கலாம்.”

தூளிக்கு வெளியே ஒரு குட்டிக் கால் நீண்டது. ஜெசிந்தா மனசுக்குள் ஜெபத்தை ஆரம்பித்தாள். அருள்நிறை மரியே பாதியில் மறந்துபோனது.

அவர் காலைத் தொட்டுப் பார்த்தார். “நல்ல தளிர். தினமும் தண்ணி ஊத்துறீங்களா?”

“வேண்டாங்கய்யா. அதுவே ஊத்திக்கிடும்” என்றான் அந்தோணிக்கண்.

சொல்லி வைத்தாற்போல் தூளி சொட்டியது.

துணைவேந்தருக்குப் புல்லரித்தது. “தானே தண்ணி ஊத்திக்கிற செடியா! யார் வளர்த்தது?”

மூன்று விரல்கள் ஜெசிந்தாவைக் காட்டின.

“இந்தம்மா வேலையை நிரந்தரமாக்குங்க” என்றார் கூட வந்த அதிகாரியிடம். “ அடுத்த வருஷத்துக்குள்ள ஒவ்வொரு துறை வாசல்லயும் இதுல ஒண்ணு நிக்கணும்.”

கார் போனது. ஜெசிந்தா தூளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூவரும் கைவிரல், கால்விரல் எல்லாம் மடக்கி எண்ணி முடித்து, கவலையோடு வந்து நின்றார்கள்.

“யக்கா, மொத்தம் முப்பத்திரண்டு துறை. ஒண்ணு ஆயிட்டு, பாக்கி முப்பத்தொண்ணு” என்றான் சுடலைமுத்து. “அண்ணனை லாரியை நிறுத்திட்டு வரச்சொல்லுங்க.”