கல்லு கூப்பிட்ட காலை

ஒரு ஊர்ல ஒரு கல்லு இருந்துச்சாம். கடலைப் பார்த்து நிக்கிற கல்லு. அதுல 'வாங்க'ன்னு மூணே எழுத்து, குழியாச் செதுக்கி, உள்ள தங்கரேக்கு ஒட்டியிருக்குமாம். ரேக்குன்னா, தங்கத்தைத் தட்டித் தட்டி, வெங்காயச் சருகைவிட மெல்லிசா ஆக்குனது.

"அதைத் தின்னலாமாம்மா?"

நீ தின்னுட்டா கல்லு என்ன பண்ணும்? கண்ணை மூடு.

விடியல்ல வெயில் பட்டா மூணு எழுத்தும் தகதகன்னு மின்னும். மூணும் மின்னினாத்தான் அது நம்ம கரை. அதைப் பார்த்துத்தான் படகுங்க பாறையில மோதாம வரும். ம்?

அப்புறம் ஒரு அடைமழையில தங்கமெல்லாம் உதிர்ந்துபோச்சு. ரேக்கு ஒட்டுற செங்கமலத்தோட புருஷன் மாசிலாமணி கடல்ல இருக்கான். விடிஞ்சா வந்துடுவான். அவகிட்ட இருக்கிறதோ மூணே மூணு ரேக்கு.

முந்தின நாளே குழியில பசை தடவி வெச்சா. கிழக்கு வெளுக்கும்போது விரல் முட்டியால தொட்டா. 'டிக்'குன்னுச்சு. பசை ஒட்டுற பதத்துக்கு வந்தாச்சு! இனிமே பலமா மூச்சு விட்டாக்கூட ரேக்கு பறந்துடும்.

முதல் எழுத்துக்குக் காத்து வந்துச்சு. 'ஊஊஊ...'ன்னு. முந்தானையை விரிச்சு மறைச்சுக்கிட்டு ஒட்டிட்டா.

அப்புறம் ரெண்டாவது எழுத்து. பக்கத்து வீட்டு ரஞ்சிதம் வந்து, "ஏன்டி, கல்லுக்குக் காதுகுத்தா? மாமன் மடி எங்க?"ன்னா. செங்கமலத்துக்குச் சிரிப்பு 'களுக்'குன்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு. உதட்டைக் கடிச்சு முழுங்கிட்டு, அதையும் ஒட்டிட்டா. ம் சொல்லு.

"ம்..."

அப்போ மூணாவது எழுத்து. தூரிகை நுனியில கடைசி ரேக்கு படபடங்குது. பனிக்குள்ள ஒரு பாய் தெரியுது. அவ புருஷன் படகு! நேரா பாறையைப் பார்த்துப் போகுது!

கத்தணும்போல இருக்கு. கத்தினா அலைச் சத்தத்துல அவனுக்குக் கேக்காது, ரேக்குதான் பறந்துடும். வாயைத் திறக்கலியே அவ! மெதுவா... மெதுவா... ரேக்கை வெச்சா. பஞ்சால மெத்து மெத்துன்னு ஒத்தினா.

சூரியன் எட்டிப் பார்த்துச்சு. கல்லு முழுக்கத் தங்க வெளிச்சம். பனியெல்லாம் மஞ்சளாக் கரைஞ்சுது. படகு 'சர்ர்ர்'ருன்னு திரும்பி, கனவுல மிதக்கிற மாதிரி ஆடி ஆடிக் கரைக்கு வந்துச்சு.

மாசிலாமணி குதிச்சு இறங்கினான். "ஏன் புள்ள, நான் பாறையில முட்டப் பார்த்தேன். நீ பாட்டுக்கு நிக்கிறியே, ஒரு வார்த்தை கூப்பிட மாட்டியா?"

அப்போதான் அவ மூச்சை விட்டா. 'ஹ்ஹா...'

"கூப்பிட்டதாலதானே வந்தீங்க"ன்னா.

படகு கரை சேர்ந்துச்சு, கதையும் கரை சேர்ந்துச்சு. நீ தூங்குடா கண்ணு.